கொறக்காயும் சிறுநீரகக் கல்லும்

மீன் கறிக்குப் போடும் கொறக்காயைத் தெரியாத இல்லத்தரசி நம் நாட்டில் இருக்கமாட்டார். கறுத்துக் காய்ந்த அந்தப் புளிச் சுளையிலுள்ள ஓர் அமிலம், சிறுநீரகக் கல்லை ஆராயும் விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்துள்ளது.

விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இழுக்கும் கல் வலியைப் பிரசவ வலியோடு ஒப்பிடும் தாய்மார் உண்டு. பெரும்பாலான கற்கள் கல்சியம் ஒட்சலேற்று என்னும் உப்பினால் ஆனவை. சிறுநீரில் இவற்றின் அளவு மிஞ்சும்போது நுண்ணிய பளிங்குகள் தோன்றி, வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகின்றன. கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாணி ஆறியதும் அடியில் சீனி படிவதில்லையா, அது போலத்தான்.

இதைத் தடுக்கும் காவலன் நமது சிறுநீரிலேயே இருக்கிறது. அதன் பெயர் சித்திரேற்று. அது கல்சியத்தைத் தன்னோடு பிணைத்து, ஒட்சலேற்றுடன் சேரவிடாது செய்கிறது. பளிங்கு உண்டாகிவிட்டாலும் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியை மந்தமாக்குகிறது. வைத்தியர்கள் சிலருக்குப் பொட்டாசியம் சித்திரேற்று கொடுப்பது இதற்காகவே. தேசிக்காய்ச் சாற்றிலும் சித்திரிக்கமிலம் நிறைய உண்டு.

கொறக்காயிலுள்ள ஐதரொட்சி சித்திரேற்று இதன் நெருங்கிய உறவு. அது பளிங்கின் வளர்ச்சியைத் தடுப்பதுடன் சில நிலைகளில் அதைக் கரைக்கவும் செய்கிறது என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ரைமர் குழுவினர் 2016இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். ஏழு பேருக்கு மூன்று நாட்கள் கொடுத்தபோது அது சிறுநீரில் வந்து சேர்ந்தது. ஆனால், நோயாளியின் கல் கரைந்ததாக அந்த ஆய்வு கூறவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதே சாறுதான் உடல் மெலிவதற்கான மாத்திரைகளாக 'கார்சீனியா' என்ற பெயரில் விற்பனையாகிறது. அவற்றை உட்கொண்டு ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கறிக்குப் போடும் இரண்டு சுளைக்குப் பயம் வேண்டாம். மாத்திரையின் செறிவு வேறு.

கல் என்றதும் பாலையும் நெத்தலியையும் நிறுத்திவிடுகிறோம். இது தவறு. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். ஒட்சலேற்று மிகுந்த பசளிக்கீரை சமைக்கும் நாளில் சிறிது தயிரும் சேர்த்து உண்ணலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர். கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் போகுமளவுக்குக் குடிக்கவேண்டும். ஆனால் நீண்ட பஸ் பயணத்திலும் வேலைத்தலத்திலும் ஒழுங்கான கழிப்பறை இல்லையென்று நம் பெண்கள் நாள் முழுதும் தொண்டை நனைக்காமல் இருக்கிறார்கள். கழிப்பறை கேட்பதில் வெட்கமென்ன?

வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.