கொலைக்களத்தில் எழுந்த மன்னிப்பு: லூக்காவின் சிலுவைப்பாடும் மதுரைக் காண்டமும்

முன்னுரை

குற்றமற்ற ஒருவர் அரசாணையால் கொல்லப்படுதல் உலக இலக்கியங்கள் பலவும் எடுத்துரைக்கும் பொருளாகும். தமிழில் அப்பொருளின் தலைசிறந்த வடிவம் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். மதுரைப் பழங்காநத்தம் அருகே கோவலன் பொட்டல் என்னும் பெயரில் ஓரிடம் இன்றும் வழங்குவது, அக்கொலை மக்கள் நினைவில் நிலைத்துள்ளமையைக் காட்டும். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி முதலான இயேசு சபையார் வளர்த்த மதுரை மறைப்பணி, மற்றொரு குற்றமற்றவரின் கொலையை இந்நிலத்தாருக்கு எடுத்துரைத்தது. கொலையளவில் ஒத்த இவ்விரு கதைகளும் அதற்கு எழும் மறுமொழியில் வேறுபடுகின்றன. ஒன்றில் நகர் எரிகிறது. மற்றொன்றில் கொல்வோருக்காக வேண்டுதல் எழுகிறது. இவ்வேறுபாட்டின் இயல்பையும், அவ்விரு மறுமொழிகளும் பிற்காலத்தில் எதிர்கொண்ட ஒரே வகையான இடரையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. சிலுவைப்பாட்டில் பகையின் படிநிலைகள்

லூக்கா நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் பகை ஒருதன்மைத்தாக இல்லை. தலைவர்கள் குற்றம் சாட்டுகின்றனர், கூட்டம் கூக்குரலிடுகிறது, படைவீரர்கள் எள்ளுகின்றனர், உடன் அறையப்பட்ட குற்றவாளிகளுள் ஒருவனும் பழிக்கிறான். பிலாத்து மும்முறை குற்றம் காணவில்லை என்று கூறியும் இறுதியில் கூட்டத்தின் விருப்பத்திற்கு இசைகிறான். இவற்றினும் நுண்ணியது ஒரு குறிப்பு: அதுவரை தம்முள் பகைத்திருந்த ஏரோதும் பிலாத்தும் அன்று நண்பராயினர் என்கிறார் லூக்கா. ஒருவரைப் பலியாக்குவதில் ஒன்றுபட்டுப் பகைவர் நட்புறுதல் மனிதப் பகையின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

இப்பகைச் சூழலின் நடுவில், 34ஆம் வசனத்தில், கொல்வோரை மன்னிக்குமாறு இயேசு தந்தையை வேண்டுகிறார்; தாம் செய்வதை அவர்கள் அறியார் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். புனித வெள்ளியன்று தமிழகத் திருச்சபைகளில் விளக்கப்பெறும் ஏழு திருமொழிகளுள் இது முதலாவது. நான்கு நற்செய்திகளுள் லூக்காவில் மட்டுமே இடம்பெறும் இம்மொழி, வத்திக்கான் சுவடி உள்ளிட்ட சில பழஞ்சுவடிகளில் இல்லை. சீனாய்ச் சுவடியில் முதலில் எழுதியவர் கையிலேயே உள்ளது. எனவே இது மூலபாட ஆய்வில் விவாதத்திற்குரிய பகுதியாகும்.

2. மன்னிப்பின் தமிழ் வடிவங்கள்

கிரேக்க மூலத்தில் உள்ள வினை ‘விட்டுவிடுதல்’ என்னும் அடிப்படைப் பொருளுடையது. கடனைத் தள்ளுதலையும் குறிப்பது. மன்னிப்புப் பெறுவோர் அங்குக் கொடைப்பொருள் வேற்றுமையில் நிற்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபையாரிடையே வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘இவர்களுக்கு’ என நான்காம் வேற்றுமையிலேயே அமைக்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, தற்கால வழக்கிற்கேற்ப ‘இவர்களை’ என இரண்டாம் வேற்றுமையை ஆள்கிறது. எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகத்தில் ‘பிழை’ என்னும் சொல்லைப் புகுத்தி, மன்னிக்கப்படும் பொருளாக அதனை நிறுத்துகிறார். முதலாவதில் மன்னிப்பு ஒரு கொடை. இரண்டாவதில் அது ஆளை ஏற்றுக்கொள்ளுதல். மூன்றாவதில் ஆளினின்று குற்றத்தைப் பிரித்தறிதல்.

கத்தோலிக்கர் வழங்கும் இறைவேண்டல் ‘மன்னி’ என்பதற்கு மாறாகப் ‘பொறு’ என்னும் வினையைக் கொள்வதும் இங்குக் கருதத்தக்கது. அச்சொல்லுக்குப் பின்னே திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் நிற்கிறது. ஆயினும் பொறுத்தல் துன்புற்றவரின் நிலையைக் குறிக்க, மன்னித்தல் துன்புறுத்தியவரின் நிலையை மாற்றுகிறது. இயேசு ‘நான் மன்னிக்கிறேன்’ என்று கூறவில்லை; தாம் பொறுத்து, மன்னிப்பைத் தந்தையிடம் வேண்டுகிறார். இரு சொற்களின் பொருளும் அவ்வேண்டுதலில் கூடுகின்றன.

3. கண்ணகியின் சீற்றமும் இணக்கமும்

கோவலன் கொலையில் பகை மிகுதியாக இல்லை. பொற்கொல்லன் தன் களவை மறைக்க முயல்கிறான். அரசன் தேவியின் ஊடல் தணிக்க விரைபவனாய் ஆராயாது ஆணையிடுகிறான். கொலைக்குச் சென்றோருள்ளும் கோவலனின் தோற்றங்கண்டு தயங்குவோர் உளர். பொற்கொல்லன் ஒழிந்த ஏனையோர் செய்வது இன்னதென அறியாதவரே. எனினும் அறியாமை இங்கு மன்னிப்பிற்குக் காரணமாகவில்லை. ஆராய்தல் அரசனின் கடமை. ஆதலின் அறியாமையே அவன் குற்றமாகிறது. பாண்டியனும் அதனையே ஏற்று உயிர் துறக்கிறான்.

கண்ணகியின் சீற்றம் அரசனோடு அமையாது நகரைப் பற்றுகிறது. ஆயினும் அது வரம்பற்றதன்று. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியர் ஆகியோரை விலக்கித் தீத்திறத்தார் பக்கமே சேருமாறு தீக்கடவுளை ஏவுகிறாள். பின்னர் வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையில், பாண்டியனைக் குற்றமற்றவன் என்றும் தன்னை அவன் மகள் என்றும் கூறுகிறாள். ஆகவே சிலப்பதிகாரத்திலும் மன்னிப்பு உண்டு. அது தவறு உணரப்பட்டு, தண்டம் நிறைவுற்று, கண்ணகி தெய்வமான பின்னர் எழுகிறது. லூக்காவிலோ கொலை நிகழ்ந்துகொண்டிருக்கும்பொழுதே, கொல்வோர் மனம் வருந்துமுன்னரே எழுகிறது. கூடிநின்றோர் மார்பில் அடித்துக்கொண்டு திரும்புதல் அதன் பின்னரே நிகழ்கிறது.

4. மெய்ப்பொருள் நாயனார்

கொலைத்தறுவாயில் கொன்றவனைக் காத்தல் தமிழுக்குப் புதிதன்று. சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனைத் தத்தன் வெட்டாது தடுத்து, ஊறின்றி நகர்ப்புறம் கொண்டுவிடப் பணிக்கிறார். அவன் சென்றமை கேட்டபின்னரே உயிர் நீக்கிறார். முத்தநாதன் தான் செய்வதை முற்றும் அறிந்தவன். ஆதலின் அங்கு அறியாமை காரணமாகக் கூறப்படவில்லை. அவன் தாங்கிய திருவேடமே காரணமாகிறது. நாயனார் கொல்வோனிடத்தில் ஒரு புனிதத்தைக் காண்கிறார். இயேசு ஓர் அறியாமையைக் காண்கிறார். இரண்டும் பகைவனைப் பகைவன் என்னும் ஒற்றை அடையாளத்தினின்று விடுவிக்கின்றன.

5. ‘இவர்கள்’ யாவர்?

லூக்காவின் வேண்டுதலில் வரும் ‘இவர்கள்’ படைவீரரா, தலைவர்களா, கூட்டமா என்பது வரையறுக்கப்படவில்லை. இதே ஆசிரியரின் திருத்தூதர் பணிகள் நூலில், மக்களும் தலைவர்களும் அறியாமையால் செய்தனர் என்று பேதுரு உரைப்பது (3:17) அச்சொல்லை விரித்துக் கொள்ள இடந்தருகிறது. எனினும் கிறித்தவ வரலாறு பல நூற்றாண்டுகள் எதிர்த்திசையில் நடந்தது. சிலர் செய்த செயலின் பழி யூத இனம் முழுவதன்மேலும் சுமத்தப்பட்டது. 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கையே, அப்பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் தெளிவுறுத்தியது.

சிலப்பதிகாரமும் இதனையொத்த நிகழ்வொன்றைப் பதிவு செய்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சீற்றம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக உரைபெறு கட்டுரை கூறுகிறது. குற்றம் ஒரு பொற்கொல்லனுடையது. தண்டம் அவன் குலத்தினர்க்கு நேர்கிறது. கண்ணகி தீக்கு இட்ட வரம்பும் இயேசு கொல்வோருக்காகச் செய்த வேண்டுதலும், அவர்கள் பெயரால் பின்வந்தோர் செய்தவற்றில் ஒருங்கே மறக்கப்பட்டன.

முடிவுரை

மதுரைக் காண்டம் நீதியை முன்னிறுத்தி மன்னிப்பைப் பின்னிறுத்துகிறது. சிலுவைப்பாடு மன்னிப்பை முன்னிறுத்துகிறது. முன்னது அறியாமையைக் குற்றமாகவும், பின்னது அதனை இரக்கத்திற்குரிய காரணமாகவும் கொள்கின்றன. ஆளுவோரின் கடமையை நோக்க முன்னதும், துன்புற்றோர் பகைத்தொடரை அறுக்கும் ஆற்றலை நோக்கப் பின்னதும் இன்றியமையாதன. அநீதியால் கொல்லப்பட்டவர் பொருட்டு எழும் சினம், குற்றவாளியின் இனத்தையும் குலத்தையும் நாடிச் செல்லும்பொழுது மற்றோர் அநீதியாகிறது என்பதை இவ்விரு பனுவல்களின் வரலாறும் ஒருசேர உணர்த்துகின்றன.