ஈரப்புல் போடாதீங்க!

போன ஐப்பசி அடைமழையில், என் மகள் வளர்த்த இரண்டு முயல்களில் ஒன்று செத்துப் போச்சு. ஈரத்தோடு அறுத்து, கூடையில் அமுக்கி வைத்திருந்த அறுகம்புல்லை அப்படியே போட்டது என் தப்புதான். ஒரே ராத்திரியில் வயிறு உப்பிடுச்சு. முயலால் வாந்திகூட எடுக்க முடியாது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இப்போது முதல்நாளே அறுத்து, திண்ணையில் பரப்பி, வாட்டித்தான் போடுகிறேன். விடாத மழைக்கென்று புரட்டாசி வெயிலில் காய்ந்த புல் ஒரு சாக்கு எடுத்து வைத்திருக்கேன்; பூஞ்சண வாடை வந்தால் குப்பைக்குத்தான். கொஞ்சம் கல்யாண முருங்கை இலையும் உண்டு. மருந்தடித்த வயல் வரப்புப் புல் வேண்டவே வேண்டாம். கேரட் ஆசைக்கு ஒரு துண்டு. பிஸ்கட்டை மகளிடமிருந்து ஒளித்து வைக்கிறேன்!

தன் இளகிய புழுக்கையைத் தானே தின்னும். அருவருக்காதீங்க, அதுவும் அதற்கு ஆகாரம்தான். ஆனால் அரைநாள் இரை எடுக்காமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், மழையென்று பார்க்காமல் டாக்டரிடம் தூக்கிக்கிட்டு ஓடணும்.

- ஒரு வாசகி, கருக்களாச்சேரி, காரைக்கால்.