பழைய வேலையின் பாக்கி, புதிய வேலையின் விலை

தூத்துக்குடியில் வேலைபோவது ஓர் ஆளோடு நிற்பதில்லை. ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த 2018 மே மாதத்தின் 28ஆம் தேதி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட அரசு ஆணையிட்டது. போராட்டத்தின் நியாயம் தனிக் கதை. ஆலைப் பணியாளர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள் என்று பலரின் பிழைப்பும் சேர்ந்தே போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது இறால் ஏற்றுமதி வட்டாரத்திலும் அதே கலக்கம்.

வேலை இழந்தவர் உடனே புது வேலைக்கு அலைகிறார். பழைய இடத்தில் வரவேண்டியதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும். பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. நிலுவைச் சம்பளத்தை வேலையிலிருந்து நீக்கிய இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். ஒப்பந்ததாரர் கூலி தராமல் நழுவினால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுத்தாகவேண்டும். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரை அணுகலாம். கேட் பாஸ், பி.எஃப். எண், சம்பளம் வரவான வங்கிப் பதிவு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாமே சாட்சி.

ஈ.எஸ்.ஐ. கட்டியவர்களுக்கு அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் இருக்கிறது: சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு. அவ்வப்போது கால நீட்டிப்பு பெறும் திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உப்பளத்திலும் கடலிலும் கதை வேறு. அங்கே பலருக்கு முதலாளி என்று காட்டக் காகிதமே இருக்காது. ஆனாலும் அரசு உதவி உண்டு. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இவற்றைப் பெற நலவாரியப் பதிவு காலாவதியாகாமல் இருக்கவேண்டும்.

இனி, கப்பல் வேலை. துறைமுக ஊரில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் மவுசுதான் மோசடிக்காரர்களின் முதலீடு. இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் கட்டாயம். வேலை வாங்கித் தருவதற்கு அந்த நிறுவனம் மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி. எனும் மாலுமிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்று இவற்றின் செலவு மட்டுமே நம்முடையது. "ரெண்டு லட்சம் கொடுங்க, அடுத்த மாசம் கப்பல் ஏறலாம்" என்பவரிடம் உரிம எண்ணைக் கேட்டு, இயக்குநரக இணையதளத்தில் சரிபார்க்கவேண்டும்.

கரை வேலைக்கு வெளிநாடு போவோருக்கு, பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்றால் அங்கேயே விலகிவிட வேண்டும். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போன தமிழ் இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்தது இப்படித்தான்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு நாள் கடத்தினால் பணம் கைமாறிக்கொண்டே போகும். இணையவழி அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930; கூடவே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வப் புகார். வெளிநாட்டில் சிக்கியவர்களின் குடும்பம் தமிழக அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793க்கு அழைக்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இலவச வழக்கறிஞர் பெற சட்ட உதவி எண் 15100. மனம் சோர்ந்து தூக்கம் கெட்டால் மனநல உதவி எண் 14416. இரவானாலும் தமிழில் பேசலாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணமில்லை. அந்த அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும், வருமான வரம்புக்குட்பட்ட பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை மூன்றாண்டு கிடைக்கும். பதிவை மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்காவிட்டால் உதவித்தொகையோடு பதிவு மூப்பும் போய்விடும்.