ஆயிரம் நேயருக்கு எத்தனை ரூபாய்?

எங்கள் கல்லூரியில் படித்து முடித்துச் சென்ற மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடங்களைத் தமிழில் விளக்கி, வாரத்துக்கு ஒன்றாக இருபது நிமிடப் பேச்சுகளைப் பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டு வருகிறார். இத்தகைய தொடர் ஒலிப்பதிவைப் பாட்காஸ்ட் என்கிறார்கள். தமிழில் வலையொலி என்றும் வழங்குகிறது. ஒவ்வொரு பேச்சையும் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கேட்கிறார்கள். ஒலிவாங்கி தவணையில் வாங்கியது. சில மாதங்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்தவர், "எந்தத் தளத்தில் போட்டால் சார் பணம் வரும்? ஆறு மாதம் பார்ப்பேன். ஒன்றும் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான், வீட்டில் கேட்கிறார்கள்" என்றார்.

இதே கேள்வி உங்களில் சிலருக்கும் இருக்கக்கூடும். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப், பேட்ரியான் என்று பெயர்களை வரிசையாக எழுதி, எது எத்தனை சதவீதம் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். அதற்கு முன்பு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தளமும் எதனை அளந்து பணம் தருகிறது? அளப்பது இயற்பியல்காரர்களின் தொழில் அல்லவா? அந்தத் துணிவில்தான் நானும் இதில் தலையிடுகிறேன்.

வானொலி நிலையத்துக்குத் தெரியாதது

வானொலி நிலையத்தின் கம்பத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலைகள் நாற்புறமும் பரவிச் செல்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டி அவற்றிலிருந்து மிகச் சிறிதளவு ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. பெட்டியிலிருந்து நிலையத்துக்கு ஒரு செய்தியும் திரும்பிச் செல்வதில்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்தில் எந்த முள்ளும் அசைவதில்லை. முற்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. அதில் எண்ணப்பட்டவை பெட்டிகளே. திண்ணையில் கூடியிருந்து கேட்டவர்களை எண்ண வழியில்லை.

வலையொலியில் திசை மாறிவிடுகிறது. இங்கே முதலில் கேட்பது நேயரின் செல்பேசி. "புதிய பேச்சு வந்திருக்கிறதா?" என்று அது விசாரிக்கிறது, ஒலிக்கோப்பை வைத்திருக்கும் சர்வர் என்னும் கணிப்பொறி விடை தருகிறது. விசாரிப்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். பேச்சின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி ஆகியவற்றைக் கொண்ட இந்தப் பட்டியலை ஆர்.எஸ்.எஸ். செய்தியோடை என்பர். செய்திகளுக்கென ஏற்பட்ட இந்த ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் இணைக்கும் வசதியை 2001ஆம் ஆண்டுவாக்கில் செய்து கொடுத்தவர் டேவ் வைனர் என்ற அமெரிக்கர். பாட்காஸ்ட் என்ற சொல் 2004 பிப்ரவரியில் இலண்டன் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரை ஒன்றில் தோன்றியது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடம் தந்ததும் இது பரவலாயிற்று.

ஆப்பிளிடம் இருப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். ஒலிக்கோப்பு நீங்கள் வாடகை கொடுத்து வைத்திருக்கும் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. ஆகவே, ஆப்பிள் செயலியில் ஆயிரம் பேர் கேட்டாலும் அதற்காக ஆப்பிள் ஒரு காசும் தருவதில்லை. ஸ்பாட்டிஃபை பாடல்களுக்குக் கேட்புக்கேற்ப உரிமைத் தொகை தருவது உண்மையே. அந்த ஏற்பாடு வலையொலிக்குப் பொருந்தாது. நம் மாணவர் முதல் மூன்று மாதங்கள் இந்தப் பணத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

காதையும் கோப்பையும் பிரித்தறிதல்

இனி அளவைக்கு வருவோம். நடுத்தரமான தரத்தில், விநாடிக்கு 128 கிலோபிட் என்ற வீதத்தில் பதிந்த பேச்சு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் இடம் பிடிக்கும். இருபது நிமிடப் பேச்சு ஏறத்தாழ 19 மெகாபைட். நல்ல இணைப்பு இருந்தால் சில விநாடிகளில் முழுக் கோப்பும் செல்பேசியில் இறங்கிவிடும். அதன் பிறகு நேயர் அதைக் கேட்டாரா, இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினாரா, தூங்கிவிட்டாரா என்பது சர்வருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இன்ன முகவரிக்கு இத்தனை பைட்டுகள் அனுப்பினோம் என்பதே.

விளம்பரம் தருவோர் இந்தப் பைட்டுக் கணக்கை வைத்துத்தான் பணம் தர வேண்டியிருக்கிறது. எனவே ஐ.ஏ.பி. என்னும் விளம்பரத் தொழில் அமைப்பின் தொழில்நுட்பப் பிரிவு 2017 இறுதியில் சில விதிகளை வகுத்தது. ஒரு நிமிடம் ஓடக்கூடிய அளவு ஒலியாவது இறங்கினால்தான் அது ஒரு பதிவிறக்கம். ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே வகைச் செயலியும் கருவியும் கொண்டு, 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை கேட்டு வாங்கினாலும் ஒன்றாகவே கணக்கு. ஏமாற்றைத் தடுக்க இது தேவையே. ஆனால் ஒரு மாணவர் விடுதியை நினைத்துப் பாருங்கள். விடுதி முழுவதற்கும் ஒரே வைஃபை. வெளியுலகுக்கு ஒரே முகவரி. ஒரே வகைச் செல்பேசியில் ஒரே செயலியை வைத்திருக்கும் நான்கு மாணவர்கள் தேர்வுக்கு முந்திய இரவு நம் பேச்சைக் கேட்டால் ஒருவராகக் கருதப்படக்கூடும்! மறுபுறம், தானாகவே இறங்கி, எவரும் தொடாமல் கிடந்து, பின்னர் அழிக்கப்பட்ட கோப்பும் ஒரு பதிவிறக்கமே.

இந்தப் பிழை எவ்வளவு பெரிது என்பது 2023 செப்டம்பரில் வெளிப்பட்டது. அந்த மாதம் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 17 என்ற மென்பொருளில், தானாக இறங்கும் முறையை ஆப்பிள் மாற்றியது. சில வாரங்கள் கேட்காமலிருந்த நேயர் மறுபடி வரும்போது, விட்டுப்போன பேச்சுகள் அனைத்தும் மொத்தமாக இறங்குவது நின்றது. பல நிகழ்ச்சிகளின் பதிவிறக்க எண்ணிக்கை சரிந்தது. நேயர் எவரும் ஓடிவிடவில்லை. தராசைச் சரிசெய்தார்கள், எடை குறைந்தது.

விளம்பரக் கட்டணம் 'ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு' என்று பேசப்படுகிறது. கணக்குக்காக ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நான்கு பேச்சு, பேச்சுக்கு 500 பதிவிறக்கம், ஆக 2,000. பேச்சுக்கு ஒரு விளம்பரமானால் மாதம் 600 ரூபாய். விளம்பரம் பிடித்துத் தருபவரின் பங்கு போக மீதிதான் கைக்கு வரும். உண்மையான வீதம் மொழிக்கும், பொருளுக்கும், முக்கியமாக நேயர் இருக்கும் நாட்டுக்கும் தக்கவாறு மாறும். இப்போது விளம்பரங்களைப் பேச்சுடன் சேர்த்துப் பதிவதற்குப் பதிலாக, கோப்பை அனுப்பும் வேளையில் சர்வரே செருகிவிடுகிறது. ஒரே பேச்சை மதுரையில் கேட்பவருக்கு ஒரு விளம்பரம், டொராண்டோவில் கேட்பவருக்கு வேறொன்று. சென்ற ஆண்டுப் பேச்சை இன்று கேட்பவருக்கும் புதிய விளம்பரமே ஒலிக்கும். எனவே பழம் பேச்சுகளும் சிறிது சம்பாதிக்கின்றன. பாட விளக்கம் போன்று ஆண்டுதோறும் தேவைப்படும் பேச்சுக்கு இது நல்ல செய்தி.

மணிக்கணக்கில் அளப்போர்

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் வேறு இனம். கோப்பை வைத்திருப்பதும் அவர்களே, அதை ஓட்டும் செயலியும் அவர்களுடையதே. ஆதலால் எந்த விநாடியில் நிறுத்தினீர்கள் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பதிவிறக்கத்தை விட்டுவிட்டு மணிகளை அளக்கிறார்கள்.

யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். (ஷார்ட்ஸ் எனும் குறும்படங்களுக்குத் தனி நிபந்தனை உண்டு, நமக்கு அது வேண்டாம்.) 4,000 மணி என்றதும் மலைத்துவிடாதீர்கள். அது 2,40,000 நிமிடம். நம் பேச்சு இருபது நிமிடம். முழுவதும் கேட்டால் 12,000 கேட்புகள் போதும். ஆண்டுக்கு 52 பேச்சுகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 231 பேர். ஆனால் எல்லாரும் முழுவதும் கேட்பதில்லை. சராசரி எட்டு நிமிடம்தான் என்றால் 577 பேர் வேண்டும். ஐந்நூறு நேயர் கொண்ட நம் மாணவர் வாசலுக்கு மிக அருகில் நிற்கிறார் என்பது இக்கணக்கால் விளங்கும். வாசலைக் கடந்தால், காணொளிப் பக்கத்தில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பவருக்கு.

ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளில் ஒரு கூட்டாளர் திட்டத்தைத் தொடங்கியது. விளம்பர வருமானத்தில் பாதி. அத்துடன், கட்டணம் செலுத்தும் சந்தாதாரர்கள் காணொளியைப் பார்க்கும் அளவுக்கேற்பத் தொகை. நுழைவு நிபந்தனை: 12 பேச்சுகள், கடந்த 30 நாட்களில் 2,000 பேர், 10,000 மணி. இதனை யூடியூபின் நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆண்டுக்கு 4,000 மணி என்பது மாதத்துக்கு ஏறத்தாழ 333. இங்கே மாதத்துக்கு 10,000. அதாவது முப்பது மடங்கு உயரமான மதில்! 2026 ஜனவரியில் இதனை 3 பேச்சு, 1,000 பேர், 2,000 மணி எனத் தாழ்த்தினார்கள். அப்போதும் ஆறு மடங்கு. பாதி, 55 என்ற இரு விகிதங்களின் வேற்றுமை ஐந்தே புள்ளி. மதில்களின் வேற்றுமையோ மடங்குகளில். சிறு படைப்பாளர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நிபந்தனைகளை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவதால், சேருமுன் உங்கள் நாட்டுக்குரிய பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

பத்துப் பேரின் சந்தா

மூன்றாவது வகை, நேயர்களே பணம் தருவது. இங்கே அளக்கப்படுவது தலைகள். ஐந்நூறு பேரில் நூற்றுக்கு இருவர் மாதம் 100 ரூபாய் தருவதாகக் கொண்டால் பத்துப் பேர், 1,000 ரூபாய். முன்பு கண்ட 600 ரூபாயோடு ஒப்பிடுங்கள். இவையிரண்டும் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களே என்பதை மறக்க வேண்டாம். ஆயினும், நேயர் குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருக்கும் நிகழ்ச்சிக்கு இந்த வழியே ஏற்றது என்பது என் கருத்து. சோப்பு விற்பவருக்கு ஐந்நூறு பேர் ஒரு பொருட்டல்ல. தேர்வில் தேற வேண்டிய மாணவனுக்கோ அந்த இருபது நிமிடம் பெரிது.

ஆப்பிள் 2021 ஜூனில் இத்தகைய சந்தா முறையைத் தொடங்கியது. படைப்பவர் ஆண்டுக்கு 19.99 டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒவ்வொரு சந்தாதாரரும் தரும் பணத்தில் முதலாண்டு 30 சதவீதமும் அதன்பின் 15 சதவீதமும் ஆப்பிளுக்கு. சந்தாதாரர் யார், அவர் முகவரி யாது என்பது உங்களுக்குத் தெரிவிக்கப்படாது. பேட்ரியான் 2013இல் தோன்றிய நிறுவனம். 2025 ஆகஸ்ட் 4க்குப் பின் சேருவோரிடம் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணம் கைமாறும் செலவு தனி. ஆனால் ஆதரவாளரின் மின்னஞ்சல் முகவரி உங்கள் கைக்கு வரும். நாளை வேறிடம் போனாலும் அவர்களுக்குக் கடிதம் எழுதலாம்.

நம் நாட்டு நேயர்களிடம் மாதச் சந்தா வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே இசைவைப் பதிவு செய்ய வேண்டும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பும் தர வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்காத வெளிநாட்டு நிறுவனங்களின் வசூல் அப்போது ஏராளமாகத் தடைப்பட்டது. ஆதலால் இங்குள்ள நேயரிடம் யூ.பி.ஐ. எண்ணைக் கொடுத்து, விரும்பியபோது விரும்பியதை அனுப்பச் சொல்வதே எளிது. இடைத்தரகு இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குச் செல்லும் பணத்தில் எவரும் பிடித்துக்கொள்வதில்லை. கேட்பதற்குக் கூச்சம் ஒன்றுதான் தடை.

கதவு எண் யாருடையது?

இத்தனை கணக்குக்கும் அடிப்படையாக ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டிச்சர் என்ற புகழ்பெற்ற செயலி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. ஆயினும் அவற்றில் ஒலித்த நிகழ்ச்சிகள் மறையவில்லை. ஒலிக்கோப்பும் செய்தியோடையும் வேறிடத்தில் இருந்ததால், நேயர் வேறு செயலியில் அதே ஓடையைத் திறந்துகொண்டார். ஒரே தளத்தில் மட்டும் பேச்சை ஏற்றி வைத்திருந்து அந்தத் தளம் மூடப்பட்டாலோ, கணக்கு முடக்கப்பட்டாலோ, நேயர்கள் எங்கே தேடுவார்கள்? செய்தியோடையைத் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "நான் வெளியேறினால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பி விடுவீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீடு மாறும்போது அஞ்சலகத்தில் புது முகவரி எழுதிக்கொடுப்பது போன்றதே இது.

மாணவரிடம் இவ்வளவையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். செய்தியோடையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அதே பேச்சுகளைக் கரும்பலகைப் படத்துடன் யூடியூபிலும் ஏற்றுகிறார். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் யூ.பி.ஐ. எண்ணைச் சொல்கிறார், முதல் முறை சொன்னபோது குரல் தடுமாறியதைப் பதிவிலேயே கேட்கலாம். யூடியூபில் 4,000 மணியை இன்னும் எட்டவில்லை. பணம் அனுப்பியவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். சென்ற மாதம் ஒலிவாங்கியின் தவணை அதிலிருந்து கட்டப்பட்டது. சர்வர் வாடகையை இன்னும் கைப்பணத்திலிருந்துதான் கட்டுகிறார்.