டாக்டரிடம் சொல்லாமல் விட்ட மாத்திரை



இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு சகோதரி. மூன்றாவது குழந்தை வேண்டாம் என்று கணவரும் மனைவியும் கலந்து பேசினார்கள். கிராம சுகாதார செவிலியர் கொடுத்த மாலா-என் மாத்திரையை அவர் தினமும் தவறாமல் சாப்பிட்டு வந்தார்.

இடையில் விடாத இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, அதற்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். அதையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். மூன்றாம் மாதம் நாள் தள்ளிப் போயிற்று!

"நீதான் மாத்திரை போட மறந்திருப்பே" என்றார் கணவர். "ஒரு நாள்கூட விடலீங்க" என்று மனைவி அழுதார். அவர் சொன்னது உண்மை. பின் ஏன் இப்படி ஆயிற்று?

காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகுமே, அதுதான். காசநோய்க் கிருமியைக் கொல்ல அருமையான மருந்து. ஆனால் கருத்தடை மாத்திரையின் மருந்துச் சத்தை ஈரல் சீக்கிரமே அழித்துவிடும்படி அது செய்கிறது. அதனால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளும் இப்படித்தான்.

அதற்காகக் காசநோய் மருந்தை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கருத்தடை முறையைத்தான் மாற்ற வேண்டும். நிரோத் உபயோகிக்கலாம், டாக்டர் பரிசோதித்து காப்பர்-டி போடலாம். இவற்றின் பலனை அந்த மருந்து குறைப்பதில்லை. மருந்து முடிந்த பிறகும் 4 வாரம் வரை இந்தக் கவனம் வேண்டும்.

"கருத்தடை மாத்திரை சாப்பிடுறேங்க" என்று அந்தச் சகோதரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுற்றிலும் கூட்டம், கூச்சம், சொல்லவில்லை. டாக்டரும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இருவரும் பேசாததால் வந்த வினை இது. மனைவி மேல் குற்றம் இல்லை.

ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது:

1. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கியது, நாட்டு மருந்து எதையும் விட வேண்டாம்.

2. கடைசியாக மாதவிலக்கான தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் அதையும் சொல்லுங்கள்.

3. கூச்சமாக இருந்தால், "தனியா ஒரு வார்த்தை பேசணுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

4. புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "காலையில ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, சரிதானுங்களா?" என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திக் கொள்ளலாம்.

5. கணவரும் கூடப் போங்கள். குடும்ப நலம் இருவர் பொறுப்பு.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் உடம்பில் நடப்பது உங்களுக்குத்தான் தெரியும். மருந்தின் குணம் டாக்டருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம் பலிக்கும்.

மறைக்காமல் சொல்வோம்! தயங்காமல் கேட்போம்!