கூந்தன்குளத்தில் கூடுகட்டும் பறவைகள்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகே அமைந்துள்ளது. கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரு பாசனக் குளங்களை உள்ளடக்கிய இப்பகுதி 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 129.33 ஹெக்டேர். 2022-ல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

வலசையும் இனப்பெருக்கமும்

இங்கு காணப்படும் பறவைகள் அனைத்தும் இங்கேயே கூடுகட்டுவதில்லை. வரித்தலை வாத்து திபெத், மங்கோலியப் பகுதிகளின் உயரமான ஏரிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தை மட்டும் இங்கே கழிக்கிறது. கொசு உள்ளான் ஆர்க்டிக் தூந்திரத்தில் சூன் மாத வாக்கில் முட்டையிடுகிறது. மாறாக மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா முதலியவை குளத்திலுள்ள கருவேல மரங்களிலும் ஊருக்குள் இருக்கும் வேம்பு, புளிய மரங்களிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

நீரும் கூடும்

மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் நீரே குளத்திற்கு முக்கிய ஆதாரம். நீர் நிறைந்திருந்தால் மீன் கிடைக்கும். மரங்களைச் சூழ்ந்த நீர், நாய் போன்ற விலங்குகள் கூடுகளை நெருங்காமல் தடுக்கும். மஞ்சள் மூக்கு நாரை சுமார் 30 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு மாதங்கள் ஆகும். ஆகவே இடையில் குளம் வற்றினால் முழுப் பருவமும் வீணாகலாம்.

நோக்கும் முறை

காலையும் மாலையும் உகந்த வேளைகள். கரையிலிருந்தோ காட்சிக் கோபுரத்திலிருந்தோ இருநோக்கி வழியே பார்க்க வேண்டும். கூட்டருகே சென்றால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அச்சிறிது நேரத்தில் முட்டைகள் வெயிலில் கெடலாம், காகங்கள் கவர்ந்து செல்லலாம். கூட்டை நெருங்காமலேயே அதன் நிலையை அறிய முடியும். பறவை அசையாது அமர்ந்திருந்தால் அடைகாப்பு எனக் கொள்ளலாம். நண்பகலில் நாரை சிறகை விரித்து நிற்குமானால், அது குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. வளர்ந்த நாரை பெரும்பாலும் அலகைத் தட்டியே ஒலி எழுப்பும். குஞ்சுகளோ உரக்கக் கத்தும். 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறுகிறது.

ஊர் மக்களின் பங்கு

பறவைகள் வெருளாதிருக்க இவ்வூர் மக்கள் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்துப் பேணுவதும் உண்டு. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரமாகிறது. குளம் நிறைவது உழவர், பறவை இருவருக்கும் வாழ்வாதாரம் என்பதாலேயே இப்பாதுகாப்பு இவ்வூரில் நிலைத்திருக்கிறது.