கத்தரிக் குடும்பமும் பயிர் மாற்றமும்

தாவரங்களைக் குடும்பங்களாக வகுத்தல் படித்தோர்க்கே உரிய காரியமெனப் பலர் எண்ணுவர். தோட்டம் செய்வோர்க்கும் அவ்வறிவு பெரிதும் பயன்படும். கல்குடா, வாழைச்சேனைப் பகுதிகளின் மணற்பாங்கான மேட்டு நிலங்களில் கத்தரிக்குப் பின் மிளகாயும், அதன் பின் தக்காளியும் நடுவோர், பயிரை மாற்றிவிட்டதாகவே கருதுவர். ஆனால் இம்மூன்றும் ஒரே குடும்பத்தன.

குடும்ப அடையாளம்

இக்குடும்பத்தைத் தாவரவியலார் சொலனேசியே என்பர். ஏறத்தாழ 100 சாதிகளும் 2,500 இனங்களும் இதில் உள. உருளைக்கிழங்கு, புகையிலை, மணத்தக்காளி, கண்டங்கத்தரி, ஊமத்தை என்பனவும் இதில் அடங்கும். பூவை நோக்கின், அல்லிகள் ஐந்தும் அடியில் இணைந்திருத்தலையும் கேசரங்கள் பெரும்பாலும் ஐந்தாக இருத்தலையும் காணலாம்.

வகைப்பாடு காலந்தோறும் திருத்தப்படும். 1753 இல் லின்னேயசு தக்காளியைக் கத்தரியின் சாதியாகிய சொலனத்தில் வைத்தார். 1754 இல் மில்லர் அதனை வேறு சாதியாகப் பிரித்தார். அண்மைக்கால மரபணு ஆராய்ச்சியின் பயனாக அது மீண்டும் சொலனத்திற் சேர்க்கப்பட்டுள்ளது. சாதி மாறினும் குடும்பம் மாறவில்லை.

பொதுவான நோய்

பற்றீரியா வாடல் நோய் இக்குடும்பப் பயிர்கள் பலவற்றைத் தாக்கும். நோய்க்கிருமி மண்ணிலே தங்கி, வேரிலுள்ள காயங்களின் வழியே உட்புகும். இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி வாடிச் சாயும். ஐயமுண்டாயின், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரிற்படத் தொங்கவிடுக. சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழை வடியுமாயின் இந்நோயே எனக் கொள்ளலாம். மருந்து தெளித்து இதனைக் குணப்படுத்த இயலாது, தடுத்தலே வழி.

செய்ய வேண்டியவை

1. நோய் கண்ட செடியை வேருடன் அகற்றி எரித்தல் வேண்டும். அவ்விடத்து நீர் ஏனைய பாத்திகளுக்குப் பாயலாகாது. மண்வெட்டியையும் கழுவுக.

2. அந்நிலத்தில் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு இக்குடும்பப் பயிர் எதனையும் நடாது, சோளம், பயறு, வெங்காயம் முதலியவற்றைச் செய்க.

3. வயல் நிலமாயின் பெரும்போகத்தில் நெல் விதைத்தல் நன்று. நீர் தேங்கி நிற்றல் கிருமியைக் குறைக்க உதவும்.

4. வரம்போரத்து மணத்தக்காளி போன்ற களைகளை நீக்குக. பயிரில்லாத காலத்தும் கிருமி அவற்றில் வாழக்கூடும்.

5. நோயற்ற மண்ணில் வளர்த்த நாற்றுக்களையே நடுக. சுண்டங்கத்தரியின் வேர் இந்நோயைப் பெரிதும் தாங்கவல்லது. அதுவும் இக்குடும்பத்ததாதலின் அதன்மேற் கத்தரியை ஒட்டி வளர்க்கலாம்.

ஒவ்வொரு பாத்தியிலும் எப்போகத்தில் எக்குடும்பப் பயிர் நின்றது என்பதை ஒரு கொப்பியிற் குறித்து வருக. அடுத்த நடுகைக்கு முன் அக்குறிப்பைப் பார்த்தல் நட்டத்தைத் தவிர்க்கும். ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.